நடுக்கோட்டைத் தொடும் கை

(பெரம்பலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய ஐயா, உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விளையாட்டு வீரர்களின் ஊக்கத்தையும் திறனையும் வளர்க்கும் உளவியல் முறைகளைப் பற்றிப் பேசுங்கள் என்றார். புத்தகங்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கபடிக் களத்துக்குப் போவோம்.

நம் பக்கத்தில் ஊர்க் கபடி இரவில்தான் சூடு பிடிக்கும். குன்னத்திலோ செந்துறையிலோ, அறுவடை முடிந்த ஒரு காட்டில் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்துச் சமன்செய்து, சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட். மைக்கில் ஒருவர் ஆட்டக்காரர்களின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டிருப்பார். அந்த இரைச்சலுக்கு நடுவே பாடிப் போகிற பையனை மட்டும் பாருங்கள். நடுக்கோட்டுக்கு வருவான். குனிந்து கோட்டைத் தொட்டு, தொட்ட கையை நெற்றியில் வைப்பான். டவுசரை ஒருதரம் ஏற்றி விட்டுக்கொள்வான். ஒரு மூச்சு இழுப்பான். அதற்குப் பிறகுதான் ‘கபடி கபடி’.

இதை யாரும் அவனுக்குப் பாடமாகச் சொல்லித்தந்ததில்லை. மூத்த ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறான். சாமி கும்பிடுகிறான் என்போம்; அது உண்மைதான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே செயல்களை அதே வரிசையில் செய்யும்போது, கூட்டத்தில் அலைந்துகொண்டிருந்த கவனம் கைக்கும் காலுக்கும் திரும்பி வருகிறது. டென்னிஸில் சர்வ் போடுவதற்கு முன் பந்தை எண்ணித் தட்டுகிறவரும், கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோவுக்கு முன் பந்தைச் சுழற்றிப் பிடிக்கிறவரும் செய்வது இதையேதான். விளையாட்டு உளவியல் இதை ஆட்டத்துக்கு முந்தைய ஒழுங்கு என்று ஒரு பயிற்சியாகவே சொல்லித்தருகிறது. நம் பையன் அதைச் சுண்ணாம்புக் கோட்டில் கற்றுக்கொண்டான்.

இப்போது அதே பையனை மூன்றாவது ரெய்டில் பாருங்கள். முந்தைய இரண்டு ரெய்டும் வெறுமையாகப் போயிருக்கும். இதில் புள்ளி எடுக்காவிட்டால் அவன் வெளியே. ‘டூ ஆர் டை’ என்று மைக் அலறும். 30 நொடி. நான் பார்த்த வரையில் இந்த ரெய்டில்தான் அவன் கோட்டைத் தொட மறக்கிறான். விசில் வந்ததும் பாய்கிறான். கால்பந்தில் பெனால்டி ஷூட் அவுட்டுகளை வருடக்கணக்காக ஆராய்ந்த நார்வேக்காரர் கெய்ர் யோர்டெட் கண்டதும் இதுதான்: நடுவரின் விசிலுக்குப் பின் அவசரமாக உதைத்தவர்கள், சற்று நின்று உதைத்தவர்களைவிட அதிகம் தவறவிட்டார்கள். நெருக்கடியிலிருந்து சீக்கிரம் தப்பித்துவிட வேண்டும் என்று மனம் பறக்கிறது. பழகிய ஒழுங்கு அந்த ஒரு நொடியைப் பிடித்து நிறுத்துகிறது. பயிற்சியாளர் நண்பர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதையொட்டியதுதான். மூன்றாவது ரெய்டைப் பயிற்சியிலேயே தினமும் வையுங்கள். அதில் புள்ளி வந்ததா என்பது இருக்கட்டும், கோட்டைத் தொட்டானா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, ஊக்கம். நம் பிள்ளைகளிடம் ஊக்கமே இல்லை என்று ஆசிரியர்கள் சொல்லிக் கேட்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, வீட்டில் பால் கறந்து கொடுத்துவிட்டு, சைக்கிளில் 6 கிலோமீட்டர் மிதித்து மைதானத்துக்கு வருகிற பையனுக்கு ஊக்கமில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த ஊக்கத்தைப் பெரியவர்களாகிய நாம் எதில் கொண்டுபோய்க் கட்டுகிறோம் என்பதைத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் சர்டிபிகேட்டில் கட்டுகிறோம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடம் இருக்கிறது. தேசியப் போட்டிக்கு ஃபார்ம்-2, பள்ளிப் போட்டிக்கு ஃபார்ம்-4 என்று படிவங்களின் எண்கள் நம் பெற்றோருக்கு அத்துப்படி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு போலீஸ் வேலை என்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் ஃபார்ம்-2 கைக்கு வந்த வாரத்திலேயே மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் வெயிலில் ஓடியவள், கல்லூரியில் இடம் கிடைத்ததும் ஷூவைப் பரணில் போட்டுவிட்டாள். ஆட்டம் எப்போது அவளுக்குக் கசந்தது?

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நர்சரிப் பள்ளியில் செய்த சோதனையை இங்கே சொல்ல வேண்டும். படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்கநிற முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது பிரிவு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராத நேரத்தில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பேரம் பேசி வரைந்த குழந்தைகள், மற்றவர்களில் பாதியளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, சான்றிதழ் கெடுக்கவில்லை. ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரம் கெடுத்தது.

ஆகவே சர்டிபிகேட்டை ஒழியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதை வீட்டில் தினமும் பேசாதீர்கள். ‘ஃபார்ம் வாங்குறதுக்குத்தான ஓடுற, ஒழுங்கா ஓடு’ என்று ஒரு தகப்பனார் மைதான வேலிக்கு வெளியே நின்று சொன்னார். அந்தப் பிள்ளை அதுவரை ஓடுவதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று உண்டு. ஊக்கம் உள்ளிருந்து ஊற மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: நானாகத் தேர்ந்தேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. நம் ஊருக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? முதலாவதற்குக் காசு செலவில்லை. ‘இன்னைக்கு முதல்ல ஸ்டார்ட் பண்ணலாமா, ரிலே பேட்டன் மாத்தலாமா, நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டால் போதும். எங்கே நேரம் போய்விடுமோ என்று எந்நேரமும் கட்டளையிடும் பயிற்சியாளருக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். மூன்றாவது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு உயிர்நாடி. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் வயதுக்கு வந்ததும் மைதானத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் பேசிவிட்டு வருகிற உடற்கல்வி ஆசிரியை செய்வது உளவியல் வேலைதான்.

‘என்னால் முடிகிறது’ என்பதில் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. 1995 வரை நாம் எல்லாரும் திருச்சி மாவட்டம். மாவட்ட அணி என்றால் திருச்சி நகரத்துப் பிள்ளைகளோடு மோத வேண்டியிருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது; 2007இல் அரியலூரும் தனியாக நிலைத்தது. மாவட்ட அணி நம் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் அப்போது இதுதான். இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். கனடாவைச் சேர்ந்த ழான் கோட்டேயும் அவருடைய குழுவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டக்காரர்களில் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் பிறந்தவர்கள், மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிட அதிகமாக இருந்தார்கள். பெருநகரங்களில் பிறந்தவர்கள் குறைவு. காலியிடம், வயது பார்க்காமல் சேர்ந்து ஆடுவது, பேர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள் ஆகியவை காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்த எண்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன காரணங்கள் வேப்பந்தட்டையிலும் ஆண்டிமடத்திலும் இருக்கின்றன.

இனி, நான் செய்த தவறு ஒன்று.

பல ஆண்டுகளுக்கு முன் 400 மீட்டர் ஓடும் ஒரு பெண்பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்தேன். குறுவட்டத்தில் முதல், மாவட்டத்தில் முதல். மாநிலப் போட்டிக்கு வெளியூர் போனோம். சிந்தெடிக் ட்ராக்கை அவள் மிதித்தது அன்றுதான் முதல்முறை. ஓட்டத்துக்கு அரைமணி முன்பு வாந்தி எடுத்தாள். கை சில்லிட்டிருந்தது. நான் சொன்னேன்: “பயப்படாத. உன்னை நம்பித்தான் வந்திருக்கோம். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.” முதல் 200 மீட்டரைத் தலைதெறிக்க ஓடினாள். கடைசி 100இல் கால் நகரவில்லை. ஏழாவதாக வந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில், விழுப்புரம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “சார், உங்களை ஏமாத்திட்டனா?”

அவளிடம் நான் சொன்ன மூன்று வாக்கியமும் தவறு. எதை நினைக்காதே என்கிறோமோ அதையே மனம் திரும்பத் திரும்ப நினைக்கும் என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார், அவர்களால் முடியவில்லை. களத்தோரத்தில் நின்று ‘அவுட் ஆயிடாதடா’ என்று கத்தும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். ‘நம்பி வந்திருக்கோம்’ என்றது அவள் முதுகில் ஒரு கடனை ஏற்றியது. ‘எல்லாரும் பார்க்கிறார்கள்’ என்றது அவள் கண்ணை ட்ராக்கிலிருந்து கேலரிக்குத் திருப்பியது.

அன்று என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பலர் முன்னே பாடவும் பேசவும் வேண்டியவர்களில் சிலரை ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்றும், சிலரை ‘நான் ஆர்வமாக இருக்கிறேன்’ என்றும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளச் செய்தார். ஆர்வம் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பயத்துக்கும் ஆர்வத்துக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. அடிக்கிற நெஞ்சை அடங்கு என்று சொல்வது கடினம். அதற்கு வேறு பேர் வைப்பது எளிது. இப்போதெல்லாம் நான் சொல்வது: “நெஞ்சு அடிக்குதாம்மா? நல்லது. உடம்பு கிளம்பத் தயாராகுது.” அதோடு ஒரே ஒரு வேலை கொடுப்பேன். “முதல் வளைவுல தோளைத் தளர்த்தி விடு.” பதக்கம் அவள் கையில் இல்லை, பக்கத்து லேனில் யார் ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தோள் அவளுடையது.

சத்தம் போட்டு உசுப்பேற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1898இல் உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 40 குழந்தைகளைத் தூண்டில் சக்கரம் சுற்ற வைத்தார். தனியாகச் சுற்றும்போதும், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கும்போதும் ஆகும் நேரத்தை ஒப்பிட்டார். 20 பேருக்குப் போட்டியில் வேகம் கூடியது. 10 பேருக்கு மாற்றமில்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் மோசமானார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆன சோதனைதான். ஆனாலும் ஆட்டத்துக்கு முன் வட்டமாக நிறுத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கர்ஜனையைக் கொடுக்கும்போது அந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொள்ளுங்கள். யூரி ஹானின் என்ற ரஷ்ய உளவியலாளரும், ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியான பதற்ற அளவு பொருந்தும் என்றார். ஒருவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும். இன்னொருத்தியை ஐந்து நிமிடம் தனியாக விட வேண்டும்.

அரியலூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. எஸ். கார்த்தி. கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியில் வளர்ந்தவர். 2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை, இந்தியாவுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம், எதிரணி பாகிஸ்தான். 9ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். அந்த முன்னிலை 59ஆவது நிமிடம் வரை நின்றது. கடைசி நேரத்தில் பாகிஸ்தான் சமன்செய்தது. கோல் அடிப்பது, முன்னிலையை இழப்பது என முதல் நாளிலேயே இரண்டு பாடமும் கிடைத்துவிட்டன அவருக்கு.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஹாக்கி இந்தியா, பேடி அப்டனை மனப்பயிற்சியாளராக அமர்த்தியிருந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர், 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். லீக் சுற்றில் மலேசியாவை இந்தியா 5-0 என்று வென்றது. அதில் கார்த்தியின் கோலும் உண்டு. இறுதியாட்டத்தில் அதே மலேசியா இடைவேளையில் 3-1 என்று முன்னே நின்றது. ஆறு நாள் முன்பு ஐந்து கோல் போட்டு வீழ்த்திய அணியிடமே, சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன், இப்படிப் பின்தங்குவது மனத்தை எப்படி உலுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்தியில் படித்தது 4-3 வெற்றி. நான் பார்ப்பது வேறு இடம். இடைவேளைக்குப் பின் மூன்றாவது கால்பகுதியின் கடைசி நிமிடம் வரை இந்தியா கோல் அடிக்கவே இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, பலகையில் 3-1 அசையாமல் நின்றது. பிறகு 45ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் ஒன்று என அடுத்தடுத்து இரண்டு. 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் நான்காவதைப் போட்டார். அந்தப் பலன் தராத பதினான்கு நிமிடம்தான் என் கண்ணில் நிற்கிறது. பலகையைப் பார்த்துப் பதறியிருந்தால் ஆட்டம் அங்கேயே உடைந்திருக்கும். அடுத்த பாஸ், அடுத்த டேக்கிள் என்று அவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். வெற்றி இந்த ஒரு காரணத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். உடல்தகுதி இருக்கிறது, பெனால்டி கார்னர் இருக்கிறது. ஆனால் குலையாதிருப்பதும் பயிற்சியில் வருவதுதான்.

அதே அப்டன் 2024இல் நம் சதுரங்க வீரர் குகேஷோடு வேலை செய்தார். சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்தையே, அதுவும் வெள்ளைக் காயில், தோற்றார். மூன்றாவதில் வென்றார். 11ஆவதில் முந்தி, 12ஆவதில் மறுபடி தோற்றார். 14ஆவதில் கறுப்புக் காயில் வென்று 7.5-6.5 என்று முடித்தார். வயது 18. ஒரு தோல்வியை அடுத்த ஆட்டத்துக்குள் சுமந்து செல்லாமல் இருக்க அந்த வயதில் கற்றிருந்தார்.

உலக மேடையில் இருப்பவர்களுக்கு அப்டன் கிடைக்கிறார். குறுவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு? மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியல் ஒரு பாடமாக நடக்கிறது. படித்தவர்கள் வருகிறார்கள். மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும் என்று அரசை நான் கேட்கிறேன். அதுவரை இந்த வேலை உடற்கல்வி ஆசிரியர் கையில்தான். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மதியம் சாப்பிட்ட சத்துணவோடு மாலை ஆறு மணி வரை ஓடும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு முட்டையும் வாழைப்பழமும். பசிக்கு மேல் மனப்பயிற்சி ஏறாது. மனம் உண்மையிலேயே நோயுற்றிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நம் யோசனைகளை அங்கே வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒரு மழைக்காலம்.

நம் கரிசல் மண் உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் நாலு நாள் பெய்தால் கால் வைக்க முடியாது. ஒரு அடிக்கு ஒரு கிலோ மண் செருப்பில் ஏறும். நீளம் தாண்டும் பையன் ஒருவன், அப்படி ஒரு மழையில் பயிற்சி போய்விட்டதே என்று அழாத குறையாக வந்தான். போட்டி பக்கத்தில் இருந்தது. ஓடிவந்து எகிறும் பலகையை மிதிப்பதில்தான் அவனுக்குச் சிக்கல். பாதித் தாண்டல் ஃபவுல் ஆகும். மண்ணில் ஓட முடியாவிட்டால் மனத்தில் ஓடலாம். இந்த மனக்காட்சிப் பயிற்சியைப் பற்றி ஆய்வாளர்கள் ஹோம்ஸ், காலின்ஸ் இருவரும் 2001இல் எழுதியதில் முக்கியமானது, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கனவு காண்பது போதாது என்பது. ஆடும்போது போடுவதைப் போட்டுக்கொண்டு, ஆடும் நிலையில் நின்று, ஆட்டத்துக்கு ஆகும் அதே நேரத்தில், அதே பதற்றத்தோடு மனத்தில் ஓட வேண்டும்.

பள்ளி வராந்தாவில் அவனை ஸ்பைக்ஸ் போட்டு நிற்கச் சொன்னேன். கண்ணை மூடு. எங்கே நிற்கிறாய்? ‘ரன்வே ஆரம்பத்துல, சார்.’ காற்று? ‘எதிர்க்காத்து.’ ஓடு. நான் ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். அவன் உடம்பு லேசாக முன்னே சாய்ந்தது, விரல்கள் அசைந்தன, பலகை வந்ததும் ‘ம்’ என்றான். முதல் நாள் அந்த ஓட்டம் அவன் மனத்தில் மூன்று நொடியில் முடிந்துவிட்டது. நிஜத்தில் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். அவசரம் அவன் மனத்திலேயே இருந்தது. காலைக் குறை சொல்லிப் பயனில்லை. தினமும் பத்து முறை ஓடவிட்டேன். மழை தகர ஓட்டில் கொட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் மனத்தின் நேரமும் மைதானத்தின் நேரமும் ஏறக்குறைய ஒன்றாயின.

ஒன்பதாம் நாள் வெயில் அடித்தது. குழியின் மணலைக் கிளறிக் காயவைத்தோம். அவன் ரன்வே முனைக்குப் போனான். குனிந்து, ஓடப்போகும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். ஓடி வந்தான். பலகையில் கால் சரியாக விழுந்தது. எவ்வளவு தூரம் என்று நான் டேப் பிடிக்கவில்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே பலகையைத் திரும்பிப் பார்த்தான். அவனும் கேட்கவில்லை.